எங்கள் குட்டியிடமிருந்து செந்நாய்க்கு நோய் போயிருக்குமா?

கேள்வி: கூடலூர் பக்கம் காட்டை ஒட்டி எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. வீட்டில் இரண்டு நாட்டு நாய்கள், ஒரு பூனை. பெரிய நாய்களுக்கு ரேபிஸ் ஊசி மட்டும் போட்டிருக்கிறோம். போன மாதம் டவுனிலிருந்து ஒரு லேப்ரடார் குட்டி வாங்கி வந்தோம். வந்த பத்தாம் நாள் கண்ணில் பீளை, மூக்கில் சளி, அப்புறம் கழிச்சல். கடைசியில் எதையோ மெல்லுவதுபோல வாயை அசைத்து அசைத்து வலிப்பு வந்து செத்துவிட்டது. பார்த்த டாக்டர் டிஸ்டம்பர் என்றார். என் வீட்டுக்காரர் குட்டியை ஓடைக்கு அந்தப் பக்கம் புதரில் போட்டுவிட்டு வந்தார். இரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் ஒரு மரநாய் பட்டப்பகலில் தள்ளாடிக்கொண்டு நின்றதாகக் கொழுந்து பறிக்கிறவர்கள் சொன்னார்கள். மறுநாள் செத்துக் கிடந்தது. அந்த ஓடையில்தான் செந்நாய்க் கூட்டம் தண்ணீர் குடிக்க வரும். எங்கள் குட்டியால் வந்த வினையா இது? மற்ற நாய்களை எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாமா? ஓடையில் பிளீச்சிங் பவுடர் போட்டால் சரியாகுமா? காட்டு விலங்குகளுக்கே ஊசி போட வழியில்லையா? மனசு கேட்கவில்லை, டாக்டர். இன்னொரு விஷயம், பால் ஊட்டும்போது குட்டி என் பையன் கையைக் கவ்வி லேசாகக் கீறிவிட்டது.
ஒரு வாசகி, நீலகிரி மாவட்டம்

பதில்: அம்மா, நீங்கள் கடைசியில் 'இன்னொரு விஷயம்' என்று எழுதியிருப்பதுதான் எனக்கு முதல் விஷயம். கடிதம் கைக்கு வந்த அன்றே உங்களுக்குத் தனியாகத் தகவல் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். டிஸ்டம்பர் என்பது நாய்களைத் தாக்கும் ஒரு வைரஸ் நோய். அதில் வலிப்பு வரும், வாயில் நுரை தள்ளும். ரேபிஸ் என்கிற வெறிநோயிலும் எச்சில் ஒழுகும், நடை தள்ளாடும், வலிப்பும் வரலாம். வெறும் கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்வது, வாழ்நாள் முழுக்க நாய் பார்த்தவனுக்கே சிரமம். மூளையைப் பரிசோதித்தால்தான் உறுதி. உங்கள் குட்டியின் உடல் இப்போது கையில் இல்லை. ஆகவே பையன் விஷயத்தில் அது வெறிநோயாக இருந்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் ஊசி இருக்கிறது, காசு கிடையாது. கீறலில் ரத்தம் வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், அதற்குத் தனியாக சீரம் போடுவார்கள். ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். தாமதமாகப் போவது போகாமல் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். டிஸ்டம்பர் மனிதரைத் தொடாது. வெறிநோய் வெளிப்பட்டுவிட்டால் ஆளைக் காப்பாற்ற முடிவதில்லை. இரண்டில் எது என்று தெரியாதபோது கெட்டதை நினைத்துத்தான் ஊசி போட வேண்டும்.

அந்த மரநாய்க்கும் இதே கதைதான். ராத்திரி மட்டும் நடமாடுகிற பிராணி பகலில் வெட்டவெளியில், ஆளைக் கண்டு ஓடாமல் நிற்கிறது என்றால் அதன் மூளையில் ஏதோ புகுந்திருக்கிறது. டிஸ்டம்பராக இருக்கலாம், வெறிநோயாகவும் இருக்கலாம். செத்த உடலை யாராவது கையால் தூக்கினார்களா, நாய் போய் முகர்ந்ததா, விசாரியுங்கள். இனி இப்படி ஒன்றைக் கண்டால் கிட்டே போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் உங்கள் பக்கம் தினமும் நடப்பார், அவரிடம் சொன்னாலே போதும். நாமாகப் புதைத்துவிட்டால் பிரேதப் பரிசோதனைக்கு வழியில்லாமல் போகும். பரிசோதனை இல்லாவிட்டால் நீங்களும் நானும் இப்படி ஊகித்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் குட்டியால் வந்ததா?

வந்திருக்கலாம். மழுப்பாமல் சொல்ல வேண்டும் என்றால் இவ்வளவுதான் சொல்ல முடியும். டிஸ்டம்பர் கிருமி உடம்புக்குள் போய் அறிகுறி தெரிய ஒன்று, இரண்டு வாரம் ஆகும். வந்த பத்தாம் நாள் பீளை தள்ளியது என்றால் குட்டி உங்கள் வீட்டில் நோயைப் பிடித்திருப்பதைவிட, விற்ற இடத்திலிருந்தே கொண்டுவந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். செத்த உடலை மரநாய் தின்றிருந்தாலோ, அதற்கு முன்பே குட்டியின் சளியையும் மூத்திரத்தையும் முகர்ந்திருந்தாலோ, இரண்டு வாரக் கணக்கு பொருந்துகிறது. மரநாய், புனுகுப்பூனை வகைகளுக்கு இந்த நோய் நன்றாகவே பிடிக்கும். ஆனால் உங்கள் ஓடைக்கரையில் உங்கள் குட்டி மட்டுமா இருந்தது? எஸ்டேட் லைன் (தொழிலாளர் குடியிருப்பு) நாய்கள், கடைவீதி நாய்கள், யாரோ காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனவை எல்லாமே அங்கே சுற்றுகின்றன. பழியை முழுக்க நீங்களே தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. உடலைப் புதரில் போட்டது மட்டும் தப்பு. அதைத் தப்பு என்றுதான் சொல்வேன்.

இந்த நோயின் குடும்பத்தைத் தெரிந்துகொண்டால் மற்றது எளிதாகப் புரியும். குழந்தைகளுக்கு வரும் தட்டம்மை, ஒரு காலத்தில் தொழுவம் தொழுவமாக மாடுகளைக் கொன்ற வெக்கை நோய், நாய்களின் டிஸ்டம்பர் மூன்றும் ஒரே குடும்பத்து வைரஸ்கள். மூன்றுக்கும் ஒரே குணம். தும்மல், சளி, மூச்சு வழியாகப் பரவும். பிழைத்தவனை மறுபடி சீண்டாது. அதனால் அடுத்து அடுத்து என்று புதுப் புது ஆள் கிடைத்துக்கொண்டே இருந்தால்தான் உயிரோடு இருக்கும். ஒரு காட்டில் இருக்கும் பத்துப் பதினைந்து செந்நாய்களுக்குள் புகுந்தால் ஒன்று அவற்றைக் கொல்லும், இல்லை எதிர்ப்புச் சக்தியைக் கொடுத்துவிட்டு அடங்கிப்போகும். அடங்காமல் வருடம் முழுக்கத் தணலாகக் கிடக்க அதற்குப் பெருங்கூட்டம் வேண்டும், அந்தக் கூட்டத்தில் ஓயாமல் குட்டிகள் பிறந்துகொண்டிருக்க வேண்டும். அப்படி ஒரு கூட்டம் எங்கே இருக்கிறது? காட்டுக்கு வெளியே, நம் தெருவில்.

சிங்கம், புலி போன்ற பெரும்பூனைகளுக்கு டிஸ்டம்பர் பெரிதாக ஒன்றும் செய்யாது என்றுதான் நாங்கள் கல்லூரியில் படித்தோம். அந்தப் பாடத்தை 1994 மாற்றி எழுதியது. தான்சானியாவின் செரெங்கெட்டியில் சிங்கங்கள் முகம் துடித்து, கால் இழுத்து, வலிப்பில் விழுந்தன. அங்கிருந்த சுமார் 3,000 சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு அந்த வருடம் செத்தது. கிருமியைப் பிரித்துப் பார்த்தபோது, பூங்காவைச் சுற்றியுள்ள ஊர் நாய்களிடம் இருந்த அதே டிஸ்டம்பர். நாய் போய்ச் சிங்கத்தை முகர வேண்டும் என்பதில்லை. ஊர்க் குப்பையில் மேய்கிற கழுதைப்புலி ஒன்று நடுவில் இருந்தால் போதும். அதே கழுதைப்புலி மறுநாள் சிங்கம் அடித்த இரையில் பங்குக்கு வந்து நிற்கும்.

நம் நாட்டிலும் அது நடந்தது. 2018 செப்டம்பர், அக்டோபரில் குஜராத்தின் கிழக்கு கிர் காட்டில் தல்கானியா சரகத்தில் சில வாரங்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. முதலில் சிங்கங்களுக்குள் சண்டை என்றார்கள். பிறகு புனேயின் தேசிய வைராலஜி நிறுவனத்தில் டிஸ்டம்பர் உறுதியானது. அவசரமாக அமெரிக்காவிலிருந்து தடுப்பூசி வரவழைத்து, பிடித்து வைத்திருந்த சிங்கங்களுக்குப் போட்டார்கள். 2015 கணக்கெடுப்பில் ஆசியச் சிங்கம் மொத்தமே 523. எல்லாம் ஒரே வட்டாரத்தில். சிங்கங்களில் கொஞ்சத்தை மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு மாற்ற வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னதற்கும் இதுதான் முக்கியக் காரணங்களில் ஒன்று. எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்காதே என்பது பழைய கணக்குதானே. குனோவுக்கு இன்றுவரை சிங்கம் போகவில்லை, ஆப்பிரிக்கச் சீத்தாதான் போனது. அது தனிக் கதை.

ஆனால் ஒன்று. எல்லாப் பழியையும் நாய் மேல் போடுவதும் சரியில்லை. 1994இல் செரெங்கெட்டியில் இத்தனை சாவு விழுந்ததற்கு டிஸ்டம்பர் மட்டும் காரணமில்லை. 1993இல் அங்கே கடும் வறட்சி. மெலிந்த காட்டெருமைகள் மேல் உண்ணி மொய்த்துக் கிடந்தது. அவற்றைத் தின்ற சிங்கங்களுக்கு பபீசியா என்கிற உண்ணிக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. டிஸ்டம்பர் எதிர்ப்புச் சக்தியைத் தட்டிப்போட, உண்ணிக் காய்ச்சல் ஆளை முடித்தது. பின்னாளில் சுற்றுவட்டார நாய்களுக்கு ஊசி போட்டபோது நாய்களிடம் நோய் குறைந்தது. சிங்கங்களிடம் கிருமியின் நடமாட்டம் அடியோடு நிற்கவில்லை. ரஷ்யாவின் தூரக்கிழக்கில் ஆமூர் புலிகளுக்கு வந்த டிஸ்டம்பரை ஆராய்ந்து 2020இல் வந்த முடிவு, அங்கே நோயின் ஊற்று நாய்கள் அல்ல, மற்ற காட்டு விலங்குகள்தான் என்றது. காட்டுக்குக் காடு கணக்கு வேறு. அதனால்தான் உங்கள் மரநாயைப் பற்றிக் கேட்டால் 'வந்திருக்கலாம்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

செந்நாய்க்கு வருகிறேன், உங்கள் பயம் அதில்தானே. நியாயமான பயம். செந்நாய் கூட்டமாக வாழ்கிறது, சந்திக்கும்போதெல்லாம் ஒன்றின் வாயை ஒன்று நக்குகிறது, தின்றதைக் கக்கிக் குட்டிகளுக்கு ஊட்டுகிறது, பாதை சந்திப்பில் கூட்டமாக ஒரே இடத்தில் மலம் கழித்து அதையே முகர்ந்து பார்க்கிறது. பரவ நினைக்கிற வைரஸுக்கு இதைவிட வசதி வேண்டாம். உலகத்திலேயே இனப்பெருக்கம் செய்கிற வயதில் 2,500க்கும் குறைவான செந்நாய்கள்தான் மிச்சம் என்று கணிக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் இதன் உறவுக்காரனான காட்டுநாய், செரெங்கெட்டிச் சமவெளியிலிருந்து 1991 வாக்கில் காணாமலே போனது. வெறிநோயும் அதற்கு ஒரு முக்கியக் காரணம். எத்தியோப்பியாவில் 500 கூட இல்லாத எத்தியோப்பிய ஓநாய்களுக்கு, மேய்ச்சல்காரர்களின் நாய்களிடமிருந்து ஒருமுறை வெறிநோய், ஒருமுறை டிஸ்டம்பர் என்று மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறது.

ஓடைத் தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் நிம்மதி தரலாம். டிஸ்டம்பர் வைரஸ் வெளியே சீக்கிரம் செத்துவிடும். வெயில், சோப்பு, காய்ந்த காற்று எதையும் அது தாங்காது. உங்கள் ஊர்க் குளிரில் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும், அவ்வளவுதான். ஒரு மாதம் ஓடிய ஓடையில் அது இருக்கப்போவதில்லை. பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் வைரஸுக்கு முன்னால் மீனும் தவளையும்தான் சாகும். வேண்டாம். குட்டி கிடந்த சாக்கு, துணியை எரித்துவிடுங்கள், தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வையுங்கள், படுத்திருந்த சிமெண்டுத் தரையை மட்டும் பிளீச்சிங் கரைசலால் கழுவுங்கள்.

பார்வோ வேறு மாதிரி. ரத்தக் கழிச்சலோடு குட்டிகளைக் கொல்கிற அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், நிழலான ஈர இடத்தில் ஒரு வருடம்கூடக் கிடக்கும். செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு போகும். 1978இல் உலகத்துக்கே புதிதாக முளைத்த நோய் அது, இரண்டே வருடத்தில் எல்லாக் கண்டத்துக்கும் போய்விட்டது. அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரி நடுவில் ஐல் ராயல் என்று ஒரு தீவு, தேசியப் பூங்கா. அங்கே ஓநாய்களும் அவை வேட்டையாடும் மூஸ் மான்களும்தான் பிரசித்தம். நாயைக் கூட்டி வரக்கூடாது என்பது விதி. யாரோ கூட்டி வந்திருக்க வேண்டும் என்பதுதான் நீண்ட நாள் சந்தேகம். 1980இல் 50 ஓநாய்கள் இருந்தன, 1982இல் 14. ஓநாய்களின் ரத்தத்தில் பார்வோவின் தடயம் இருந்தது. இதைப் படித்ததிலிருந்து, நாயோடு வரலாம் என்று விளம்பரம் செய்கிற காட்டோரத் தங்கும் விடுதிகளைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். வருகிறவரிடம் தடுப்பூசி அட்டை கேட்கிற விடுதி எத்தனை என்று தேடிப்பாருங்கள்.

'மற்ற நாய்களை எங்காவது விட்டுவிடலாமா' என்று கேட்டீர்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். ஒருவேளை நோய் உள்ளே இருந்தால் அதை இன்னொரு ஊருக்கு நீங்களே பார்சல் கட்டி அனுப்புகிறீர்கள். நோயில்லாத நாய் என்றால், சோறு போட ஆளில்லாமல் அது காட்டுக்குள் முயலையும் மான்குட்டியையும் துரத்தப் போகும், அங்கேதான் செந்நாயை நேருக்கு நேர் சந்திக்கும். உங்கள் வாசல் காலியானால் லைனிலிருந்து ஊசி போடாத இரண்டு குட்டிகள் ஒரு மாதத்துக்குள் அந்த இடத்துக்கு வந்துவிடும். ஊசி போட்ட, ராத்திரி கூண்டில் அடைந்துகிடக்கிற இரண்டு நாட்டு நாய்கள் அந்த ஓடைக்கரைக்குக் காவல். உங்கள் ஊரில் சிறுத்தை நாயைத் தூக்குவது புதிதல்ல. நாயைத் தின்ற சிறுத்தைக்கும் இந்த நோய் வரலாம். ஆகவே ராத்திரி அவை கூண்டுக்குள் இருப்பது நாய்க்கும் நல்லது, சிறுத்தைக்கும் நல்லது.

குட்டி செத்து ஒரு மாதமாகியும் அவை இரண்டும் நன்றாகச் சாப்பிட்டுக் குரைத்துக்கொண்டிருந்தால் தப்பித்துவிட்டன என்றே வைத்துக்கொள்ளலாம். ஒன்றைப் பாருங்கள். உள்ளங்கால் தடித்துக் காய்ப்புக் காய்த்ததுபோல் இருக்கிறதா, தூங்கும்போது ஒரு காலோ முகமோ தாளம் போட்டதுபோல் துடித்துக்கொண்டே இருக்கிறதா? அப்படியிருந்தால் நோய் வந்து போயிருக்கிறது. பிழைத்த நாய் பார்க்க நன்றாக இருந்தாலும் இரண்டு மூன்று மாதம்வரை கிருமியை வெளியே விடலாம். அந்தக் காலம்வரை ஓடைப் பக்கம் போகாமல் கட்டிவையுங்கள். அறிகுறி எதுவும் இல்லையென்றால் தாமதிக்காமல் ஊசி. ரேபிஸ் ஊசி மட்டும் போட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நிறையப் பேர் அதோடு 'ஊசி போட்டாச்சு' என்று நிறுத்திவிடுகிறார்கள். டிஸ்டம்பருக்கும் பார்வோவுக்கும் தனி ஊசி, மருந்துக் கடையில் செவன் இன் ஒன், நைன் இன் ஒன் என்று கேட்டால் தெரியும்.

அந்த ஊசியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் மலையடிவாரத்தில் ஒரு மருந்தகத்தில் வேலை பார்த்தபோது, ஒரு பெரியவர் வெயில் ஏறின நேரத்தில் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். சட்டைப் பையிலிருந்து கர்ச்சீப்பில் முடிந்த பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே இரண்டு சின்னக் கண்ணாடிக் குப்பிகள். ஒன்றில் அடியில் கற்பூர வில்லைபோல வெள்ளையாக ஒரு கட்டி, இன்னொன்றில் தெளிந்த தண்ணீர். டவுனில் வாங்கி இரண்டரை மணி நேரம் நெஞ்சுச் சூட்டிலேயே கொண்டுவந்திருக்கிறார். தொட்டால் கையில் வெதுவெதுப்பு. அந்த வெள்ளை வில்லைதான் பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸ். அது 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருந்தால்தான் வேலை செய்யும். குத்தலாம், நாய்க்கு ஒன்றும் ஆகாது, பாதுகாப்பும் வராது என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்ப எனக்கு வாய் வரவில்லை. நான் வாங்கி வைத்திருந்த ஒன்றைப் போட்டு அனுப்பினேன். ஊசி போட்டும் டிஸ்டம்பர் வந்தது என்று வருகிறவர்களில் பாதிப் பேர் கதை இந்தச் சட்டைப் பைக் கதையாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு. தெர்மோகோல் பெட்டி, நடுவில் ஐஸ் பேக், குப்பி ஐஸை நேராகத் தொடாமல் ஒரு காகிதம், கலந்தவுடன் போட வேண்டும். இவ்வளவுதான்.

'காட்டு விலங்குகளுக்கே ஊசி போட வழியில்லையா?' இந்தக் கேள்வியை வனத்துறைக்காரர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வெறிநோய்க்கு வழி உண்டு. 1978இல் சுவிட்சர்லாந்தில் கோழித் தலைக்குள் மருந்தை வைத்துக் காட்டில் போட்டு நரிகளைத் தின்ன வைத்தார்கள். அப்படித் தொடங்கிய வேலைதான் மேற்கு ஐரோப்பாவில் நரி வெறிநோயையே ஒழித்தது. எத்தியோப்பிய ஓநாய்களுக்கு ஆட்டிறைச்சிக்குள் வைத்துப் போடுகிறார்கள். டிஸ்டம்பருக்கு அப்படிக் காட்டில் தூவுகிற மருந்து கையில் இல்லை. நாய்க்கென்று செய்த ஊசியைக் காட்டு விலங்குக்குப் போடுவதில் ஆபத்தும் இருக்கிறது. அமெரிக்காவில் கறுப்புக்கால் ஃபெரெட் என்று கீரி மாதிரி ஒரு பிராணி. 1970களின் தொடக்கத்தில், அழிந்துவிடாமல் காப்பாற்றுவதற்காகப் பிடித்து வைத்தவற்றுக்கு டிஸ்டம்பர் ஊசி போட்டார்கள். வேறு இன ஃபெரெட்டுக்கு ஒத்துக்கொண்ட ஊசிதான். இவற்றுக்கு அதுவே நோயாகித் தாக்கிக் கொன்றது. 1985இல் வயோமிங்கில் மிஞ்சியிருந்த கூட்டத்திலும் டிஸ்டம்பர் புகுந்தது, 1987க்குள் பிழைத்த 18ஐயும் பிடித்துக் கூண்டில் வைத்துத்தான் இனத்தைக் காப்பாற்ற முடிந்தது. ஆகவே இறைச்சியில் ஊசி மருந்தைத் தடவி ஓடைக்கரையில் வைக்கலாமா என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

ஆனால் காட்டுக்குள் போகாமலே காட்டைக் காப்பாற்றிய அனுபவம் நமக்கு இருக்கிறது, அதுவும் உங்கள் ஊரிலேயே. 1968இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் வெக்கை நோய் புகுந்து காட்டுமாடுகளை வாரிக்கொண்டு போனது. வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இன்று காட்டுமாடு உங்கள் தேயிலைக்குள்ளேயே வந்து நிற்கிறதே, எந்தக் காட்டுமாட்டுக்காவது யாராவது ஊசி போட்டார்களா? இல்லை. பட்டியில் இருந்த வீட்டு மாடுகளுக்குப் போட்டார்கள், வருடக்கணக்காக, ஊர் ஊராக. 2011இல் வெக்கை நோய் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். செரெங்கெட்டியிலும் சுற்றுப்புற மாடுகளுக்கு ஊசி போட்ட பிறகுதான் சில லட்சமாக இருந்த வில்டிபீஸ்ட் மான்கள் பத்து லட்சத்தைத் தாண்டின. டிஸ்டம்பர் அவ்வளவு எளிதாக அடங்காது. அதற்குப் போய் ஒளிய மரநாயிலிருந்து புலிவரை ஏகப்பட்ட வீடுகள் உண்டு. என்றாலும் தணலின் பெரும்பகுதி தெருவில் கிடக்கும்போது தெருவிலிருந்துதானே தொடங்க வேண்டும்?

இதில் எனக்கு ஒரு பழைய ஆதங்கம் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 33ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சரணாலயத்துக்குள்ளும் அதிலிருந்து 5 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கிற கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் அதே சட்டம் 'கால்நடை' என்பதற்குச் சொல்லும் பட்டியலில் எருமை, மாடு, ஒட்டகம், கழுதை, குதிரை, பன்றி எல்லாம் பேர் சொல்லி வருகின்றன. நாய் வரவில்லை. ஊசி அட்டையோடு மாடு போகும், அதன் பின்னாலேயே ஊசி போடாத நாய் வாலை ஆட்டிக்கொண்டு போகும்.

ஆகவே உங்கள் வீட்டு இரண்டு நாயோடு நிறுத்தாதீர்கள். உங்கள் லைனில், பக்கத்து எஸ்டேட்டில் மொத்தம் எத்தனை நாய் என்று எண்ணிப்பாருங்கள். வெறிநோய்க்கு நூற்றில் எழுபது நாய்க்குப் போட்டால் ஊரில் பரவல் நிற்கும் என்பது உலகம் முழுக்கப் பார்த்த கணக்கு. பத்து நாய் என்றால் ஏழு. ஜூலை 6 (உலக விலங்குவழி நோய்கள் தினம்), செப்டம்பர் 28 (உலக வெறிநோய் தினம்) இரண்டு நாட்களையொட்டியும் ரேபிஸ் ஊசி முகாம்கள் நடக்கும், உங்கள் கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். நைன் இன் ஒன் இலவசமாகக் கிடைப்பது அபூர்வம், விலையும் கொஞ்சம் கூடுதல். நாலு வீட்டுக்காரர் சேர்ந்து ஒரே நாளில் மருத்துவரை வரவழைத்தால் பெட்டி, ஐஸ், வண்டிச் செலவு எல்லாம் பங்காகிவிடும். பெண் நாய்களுக்குக் கருத்தடையும் சேர்ந்து நடந்தால்தான் இந்தக் கணக்கு நிலைக்கும். ஊசி போடாத எட்டுக் குட்டிகள் அடுத்த மாதமே பிறந்தால் ஏழு பத்தில் என்பது ஏழு பதினெட்டில் ஆகிவிடும்.

பூனையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பூனைக்கென்று தனி வைரஸ்கள் உண்டு. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் மிச்சமிருந்த கொஞ்சம் பூமாக்களுக்கு (பூனைக் குடும்பத்துப் பெரிய வேட்டை விலங்கு) 2000களின் தொடக்கத்தில் வீட்டுப் பூனையின் லுகீமியா வைரஸ் தொற்றிச் சில செத்தன. பூனையைத் தின்றதால் வந்திருக்க வேண்டும். ஸ்பெயினில் ஐபீரிய லிங்க்ஸ் என்கிற காட்டுப்பூனை இனத்துக்கும் 2007இல் அதுவே நடந்தது. உங்கள் தோட்டத்தில் காட்டுப்பூனையும் சிறுத்தைப்பூனையும் ராத்திரியில் எலி பிடிக்க வரும், உங்கள் பூனையோடு சண்டையும் போடும். பூனைக்கும் ரேபிஸ் ஊசியும் பூனைகளுக்கான மூன்று நோய் ஊசியும் போடுங்கள், பொழுது சாய்ந்தால் உள்ளே அடையுங்கள். அது கத்தும். ஒரு வாரம் கத்தும்.

அடுத்த குட்டி எப்போது வாங்கலாம் என்று பையன் கேட்பான், எல்லா வீட்டிலும் கேட்பார்கள். வந்தது டிஸ்டம்பர் மட்டும்தான் என்றால் ஒரு மாத இடைவெளியே போதும். கழிச்சலில் ரத்தம் இருந்தது, பார்வோவும் சேர்ந்திருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்பட்டிருந்தால் ஒரு வருடம் பொறுங்கள், இல்லை முழு ஊசியும் முடித்த வளர்ந்த நாயாக எடுங்கள். குட்டி என்றால் தாயைக் காட்டச் சொல்லுங்கள், தாய்க்கு ஊசி போட்ட அட்டையைக் கேளுங்கள். 'ஒரு ஊசி போட்டாச்சு சார்' என்பதை நம்பி வாங்காதீர்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கிறவரை குட்டிக்குப் போடுகிற ஊசி சரியாக ஏறாது. அது எப்போது வடிகிறது என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறாவது, எட்டாவது வாரத்தில் தொடங்கி மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறோம். ரேபிஸ் மூன்றாம் மாதம். கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகிறவரை குட்டி ஓடைப் பக்கம் போகக்கூடாது, எத்தனை துள்ளினாலும்.

அப்புறம், வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை. இனி எந்த நாயோ பூனையோ செத்தாலும் புதரில் போட வேண்டாம். இடுப்பளவு குழி, உடலுக்கு மேலும் கீழும் சுண்ணாம்பு, மேலே பெரிய கல். மண் மட்டும் போட்டால் நரியும் காட்டுப்பன்றியும் அன்றிரவே தோண்டிவிடும்.